நகை போட்ட துப்பாக்கி

துப்பாக்கிக்கு நகை போட்டு அழகு பார்த்த குடும்பம் சென்னையிலேயே ஜஹனாராவின் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யார் என்ன போடுவது என்று ஒரு வரைமுறை உண்டு. இந்தத் துப்பாக்கிக்கு அதுவும் கிடையாது. அவரவர் மனசுக்குப் பட்டதை அவரவர் வாங்கி வந்து மாட்டினார்கள். ஒன்றையாவது வேண்டாம் என்று சொன்னாளா ஜஹனாரா? சொல்லவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, ஆசையாய்க் கொண்டு வந்ததைத் திருப்பி நீட்டுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். பிடிக்காத புடவையானாலும் கொடுத்தவர் கண்ணெதிரில் ஒரு முறை கட்டிக் காட்டிவிட்டுத்தான் மடித்து வைக்க வேண்டும். அந்த வழக்கத்தைத் துப்பாக்கி வரைக்கும் கொண்டு போனதுதான் வந்த வினை.

துப்பாக்கி அவள் புருஷன் அப்துல் வஹீதுடையது. பன்னிரண்டு ‘போர்’ ரகம், இரட்டைக் குழல். நடுவில் மடக்கித் திறந்து, குழலுக்கு ஒன்றாகத் தோட்டா போட்டு மூடினால் இரண்டு தடவை சுடலாம், அவ்வளவுதான். வஹீத் கல் வியாபாரி. மாணிக்கம், மரகதம், புஷ்பராகம் என்று தியாகராய நகர் நகைக் கடைகளுக்குக் கல் கொடுத்தே அபிராமபுரத்தில் வீடு கட்டியவர். வீட்டில் எப்போதும் கல் இருக்கும் என்பதால் லைசென்ஸ் கிடைத்தது. வாங்கிய நாளிலிருந்து துப்பாக்கி பீரோவில் தூங்கியதே தவிர ஒரு காக்காயைக்கூட மிரட்டியதில்லை. தேர்தல் வந்தால் மட்டும் காவல் நிலையத்துக்குப் போய்ப் படுத்துவிட்டுத் திரும்பி வரும்.

போன வருஷம் வஹீதுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. கால் இழுத்து இழுத்து நடக்கும். பேச்சு மட்டும் தப்பியது. வியாபாரத்தை ஜஹனாரா எடுத்துக்கொண்டாள். புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான நாள் முதல் ஜன்னலோரம் மேஜை போட்டு உட்கார்ந்து கல்லைத் தரம் பிரித்துக் கொடுத்தவள் அவள்தான். வெளியே பேர் மட்டும் வஹீதுடையதாக இருந்தது. இப்போது கடைக்காரர்கள், “பாபி பார்த்த கல்லா?” என்று அண்ணி முறை வைத்துக் கேட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உள்ளங்கால் வரை சந்தோஷமாக இருக்கும்.

அப்போதுதான் அது நடந்தது. பட்டப்பகல். அவள் பாண்டி பஜார் போயிருந்தாள். கூரியர் என்று சொல்லி ஒருவன் மணி அடித்தான், வஹீத் கதவைத் திறந்துவிட்டார். மேஜைமேல் பிரித்து வைத்திருந்த கல் பொட்டலங்களை அவன் அள்ளிக்கொண்டிருக்கும்போது வஹீத் தட்டுத் தடுமாறிப் பீரோவைத் திறந்து, இடது கையால் துப்பாக்கியை இழுத்தார். பாதி வெளியே வந்தது. மீதி வரவில்லை. அவன் ஓடக்கூட இல்லை. நின்று பார்த்துவிட்டு, “வேணாம் பெருசு, கை சுளுக்கிக்கப் போவுது” என்று சொல்லிவிட்டு நடந்து போனான்.

சேதி கேட்டு மகன் ஆதில் பறந்து வந்தான். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பதினோராவது மாடியில் வீடு, வாசலில் செக்யூரிட்டி, தாழ்வாரமெல்லாம் கேமரா.

“அம்மி, போதும். வீட்டை வித்துடலாம். ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க.”

“உன் பதினோராவது மாடிக்கு எந்தக் கடைக்காரன்டா கல்லு பார்க்க வருவான்? கீழ பேர் எழுதிக் கொடுத்துட்டு, லிஃப்டுக்கு நின்னு, மேல ஏறி வர்றதுக்குள்ள வேற எடத்துல வாங்கிட்டே போயிடுவான்.”

“வியாபாரத்தை விட்டுடுங்க. யாரு செய்யச் சொன்னா?”

“ஏன்டா, நான் கண்ணை மூடின மாதிரியே பேசறே?”

“சரி, மறுபடி ஒருத்தன் வந்தா என்ன பண்ணுவீங்க?”

“நான் சுடுவேன்.”

ஆதில் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பாவம், தானாக வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் போய்க் குத்தியது. கை விழுந்தவருக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பேருக்கு மாற்ற வேண்டுமானால் ரைஃபிள் கிளப்பில் பயிற்சி எடுத்துத் தேர வேண்டும் என்றும் விசாரித்து வைத்திருந்தாள்.

“நான் பாஸ் பண்ணிட்டா?” என்றாள்.

“பண்ணிட்டீங்கன்னா இந்த வீட்டைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். பண்ணலைன்னா மறுபேச்சு பேசாம என்கூட கிளம்பணும்.”

“அல்லாஹ் மேல சத்தியமா?”

“சத்தியமா.”

வஹீத் நாற்காலியில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவால் விட்ட பிள்ளையே முதல் நகையையும் கொண்டு வந்தான் என்பதுதான் வேடிக்கை. பெற்றவள் தோற்க வேண்டும் என்று நினைத்தாலும், தோற்கும் வரை அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே! குழலின் வாய்க்குப் பக்கத்தில், அடியில் கவ்விக்கொள்கிற மாதிரி ஒரு டார்ச். வெளிச்சத்தோடு சிவப்புப் புள்ளியும் அடிக்கும். “குறியே பார்க்க வேணாம் அம்மி. புள்ளி எங்க விழுதோ அங்க சுடுங்க” என்று சொல்லி, தானே திருகாணி முடுக்கினான். பெங்களூரில் இருக்கும் மகள் சிம்ரா, அம்மாவின் தோள் வலிக்குமே என்று, பின்கட்டையின் முனையில் உறை போல மாட்டுகிற தடித்த ரப்பர் மெத்தையை அனுப்பி வைத்தாள். வஹீத் சும்மா இருப்பாரா? “ரெண்டு தோட்டா தீர்ந்துட்டா என்ன பண்ணுவே? அதுக்கப்புறம் அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பியா?” என்று கேட்டு, பெரியமேட்டில் தோல் வேலை செய்யும் சிநேகிதரிடம் சொல்லி, உபரித் தோட்டா செருகுகிற பட்டை ஒன்றைத் தைத்து வரவழைத்தார். கன்னம் பதிகிற இடத்தைச் சுற்றி அதை இறுக்கிக் கட்டியாயிற்று. கடைசியில் வந்தவர் வஹீதின் அக்கா அஸ்மத்துன்னிசா, ஜஹனாராவுக்கு ஆப்பா. திருவல்லிக்கேணியிலிருந்து வெள்ளித் தாயத்து ஒன்றை ஓதி வாங்கி வந்து, பின்கட்டையில் கை பிடிக்கிற குறுகலான இடத்தில் கறுப்புக் கயிற்றால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

“மாஷா அல்லாஹ்! இப்பதான் பார்க்கவே பயமா இருக்கு” என்றார் வஹீத். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு. அதைப் பார்த்த ஜஹனாராவுக்குத் துப்பாக்கியின் எடை அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கையில் தூக்கும்போது தெரிந்தது.

முதல் நாள் கிளப்புக்குப் போக ஆட்டோ பிடித்தாள். ஓட்டுநர் கனகராஜ், மந்தைவெளிப் பக்கத்து ஆள், நீளப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

“இன்னாமா இது? வீணையா கீது?”

“ஆமா நைனா. கத்துக்கப் போறேன்.”

“சூப்பர்மா! எங்க வூட்ல கீதே ஒண்ணு, டிவி பொட்டிய வுட்டு எழுந்துக்கவே மாட்டேன்னுது” என்று மெச்சிக்கொண்டே அடையாறு பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டான்.

கிளப்பில் பயிற்சி கொடுப்பவள் மணிமொழி. முப்பது வயசு இருக்கும். போட்டிகளில் சுட்டுப் பதக்கம் வாங்கியவள், அனாவசியமாகச் சிரிக்காதவள். ஜஹனாரா பெட்டியைத் திறந்ததும் அவளே சிரித்துவிட்டாள்.

“என்ன ஆன்ட்டி இது, தேரா?”

“எல்லாம் வீட்டுப் பிள்ளைங்க ஆசையா மாட்டினது.”

“சரி, தூக்குங்க, பார்க்கலாம்.”

தூக்கினாள். அதாவது தூக்கப் பார்த்தாள். குழல் முனையில் டார்ச் தொங்க, துப்பாக்கியின் மூக்கு தரையையே பார்த்தது. வம்படியாக நிமிர்த்தினால் ரப்பர் மெத்தை துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு அக்குளில் மாட்டியது. அதைப் பிய்த்து எடுத்துத் தோளில் வைத்தால் கட்டை நீண்டுபோய், முன்கை எட்டவில்லை. கன்னத்தைப் பதித்தால் தோல் பட்டையின் தடிப்பு முகத்தை மேலே தூக்கியது. குழலின் மேற்பரப்பு முழுக்கத் தெரிந்ததே தவிர குறி தெரியவில்லை. சுடாமல் தடுக்கிற பூட்டை விலக்கக் கட்டைவிரலை நகர்த்தினால் தாயத்துதான் கையில் இடறியது. எல்லாம் ஒருவழியாக அமைந்து சுட்டபோது, எதிரே நின்ற அட்டைக்கு மேலே, மண்மேட்டில் புழுதி பறந்தது. சிவப்புப் புள்ளியோ வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை.

“திருடன் இதுக்குள்ள டீ குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வெச்சிருப்பான்” என்றாள் மணிமொழி.

ஜஹனாராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்ப என்னதான் பண்ணணும்? சொல்லேன்.”

மணிமொழி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றைக் கழற்றியதும் ஒரு தடவை தூக்கச் சொன்னாள். டார்ச் போனதும் துப்பாக்கியின் மூக்கு நிமிர்ந்தது. ரப்பர் போனதும் கட்டை தோளுக்குள் தானாக வந்து உட்கார்ந்தது. தோல் பட்டை போனதும் கண்ணும் குழலும் ஒரே கோட்டில் நின்றன. தாயத்தை மட்டும் மணிமொழி தொடவில்லை. ஜஹனாராவே முடிச்சை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, கைப்பையில் வைத்தாள். பிறகு தூக்கினாள். யா அல்லாஹ்! கரண்டியை எடுக்கிற மாதிரி வந்தது.

சுட்டாள். அட்டையின் நடுவில் சல்லடையாக ஓட்டை. ஆனால் தோளில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி ஓர் அடி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அதான் விலை” என்றாள் மணிமொழி. “எடை இருந்தா உதைக்கிறது கொறையும். மெத்தை இருந்தா இன்னும் கொறையும். எல்லாத்துலயும் ஒரு நல்லது இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க கைக்கு, உங்க உயரத்துக்கு இந்தத் துப்பாக்கி வெறுமனேதான் சரியா நிக்குது.”

“அப்ப டார்ச்? யாருன்னு தெரியாம எப்படி?”

“யாருன்னு தெரியாம சுடவே கூடாது ஆன்ட்டி. அது முதல் பாடம். உங்க ரூம்ல லைட் சுவிட்ச் எங்க இருக்கு?”

“கதவுக்குப் பக்கத்துலயே.”

“முதல்ல அதைப் போடுங்க. பாதி பேர் அதுலயே ஓடிடுவாங்க.”

ஜஹனாரா மனசுக்குள் அந்தக் கணமே முடிவு செய்துவிட்டாள், வெறும் துப்பாக்கிதான் என்று. ஆனால் வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? ஆதில் திருகாணி முடுக்கியதும், வஹீத் முகம் தெளிந்ததும், அஸ்மத் ஆப்பா முணுமுணுத்தபடி முடிச்சுப் போட்டதும் கண்முன் வந்தன. அதனால் என்ன செய்தாள் தெரியுமா? வீடு திரும்புவதற்கு முன்னால் கிளப்பின் ஓர் அறையில் உட்கார்ந்து, எல்லா நகையையும் துப்பாக்கிக்கு மறுபடி பூட்டினாள். கைப்பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் நிரந்தரமாகக் குடியேறியது. கிளப்புக்குப் போனதும் கழற்றுவாள், கிளம்பும்போது மாட்டுவாள். வீட்டில் ஒரு துப்பாக்கி, வெளியில் ஒரு துப்பாக்கி. சின்ன வீடு வைத்திருக்கிற ஆம்பளைகூட இவ்வளவு பாடுபட மாட்டான்!

“இது சரியா வராது ஆன்ட்டி” என்று மணிமொழி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். “சொல்லிடுங்க.”

“அவங்க மனசு நோகும்மா.”

“ஒருத்தன் உள்ள வந்து நிக்கும்போது இது இப்படித்தானே பீரோவுல இருக்கும்? அப்ப கழட்டறதுக்கு நேரம் கொடுப்பானா?”

அது நியாயம்தான் என்று தெரிந்ததால் ஜஹனாராவுக்குக் கோபம்தான் வந்தது.

தேர்வு நாள் வந்தது. அவள் மட்டும் தனியாகப் போய் வெறும் துப்பாக்கியில் சுட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். காலையில் வாசலில் ஆதில் காரோடு நிற்கிறான், லீவு போட்டுவிட்டு. பின் சீட்டில் அஸ்மத்துன்னிசா மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறார். வஹீத் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, கைத்தடியோடு நிற்கிறார்.

“நீங்க எதுக்குங்க இந்த வெயில்ல?”

“என் துப்பாக்கி சுடறதை நான் பார்க்க வேணாமா?” என்றார்.

வழி முழுக்க மடியில் பெட்டி. பெட்டிக்குள் தேர்.

மூன்று சுற்று. சுற்றுக்கு இரண்டு தோட்டா. துப்பாக்கியை இடுப்பளவில் பிடித்து நிற்க வேண்டும். விசில் ஊதியதும் தூக்கி, எதிரே உள்ள அட்டையின் வட்டத்துக்குள் இரண்டையும் சுட வேண்டும். மறு விசிலுக்குள் முடிக்காவிட்டால் அந்தச் சுற்று போச்சு. சுட்டதும் துப்பாக்கியை மடக்கித் திறந்து, காலி என்று காட்ட வேண்டும். மூன்றில் இரண்டு சுற்றாவது தேற வேண்டும்.

ஜஹனாரா பெட்டியைத் திறந்தாள். பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் மூவரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிமொழி அவள் முகத்தைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள், நகர்ந்து நின்றாள். ஒரு சுற்றுதானே, இப்படியே சமாளித்துப் பார்க்கலாம் என்று ஜஹனாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நகையோடேயே போய் நின்றாள்.

விசில் ஊதியது. முதல் நாள் நடந்த அத்தனையும் அப்படியே நடந்தது. மூக்கு தொங்கியது, ரப்பர் துப்பட்டாவைக் கவ்வியது, கட்டைவிரல் தாயத்தில் இடறியது. முதல் தோட்டா மண்மேட்டில் போய்ப் புதைந்தது. இரண்டாவது போகவே இல்லை. அதற்குள் மறு விசில் ஊதிவிட்டது.

“முதல் சுற்று தவறியது” என்று மணிமொழி உரக்கச் சொன்னாள். அவள் குரலில் எரிச்சல் இருந்தது. இனி மிச்சம் இருக்கிற இரண்டும் தேற வேண்டும். ஒன்று தவறினாலும் வீடு போயிற்று.

பெஞ்சிலிருந்து ஆதில் எழுந்து வந்தான். “பரவாயில்ல அம்மி. முயற்சி பண்ணீங்களே, அதுவே பெருசு” என்றான். இதமாகத்தான் சொன்னான். சோழிங்கநல்லூரில் அவர்களுக்கு எந்த அறை என்று அவன் மனசில் அப்போதே பாய் விரித்தாயிற்று என்பது அவள் காதில் விழுந்தது. ஜன்னல் மேஜை கண்முன் வந்தது. “பாபி பார்த்த கல்லா?” என்று இனி எவன் கேட்பான்? ஜஹனாராவுக்குத் தலைக்குள் ஏதோ ‘டக்’ என்று நின்றது.

“மணி, எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும். தரலாமா?”

“தாராளமா. துப்பாக்கி உங்களோடது. எப்படி வெச்சுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

துப்பாக்கியை மடக்கித் திறந்து, சுடாத தோட்டாவை எடுத்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

ஆதில் கண் விரிந்தது. “என்ன அம்மி, இதெல்லாம் கைலயே வெச்சிருக்கீங்க?”

“தினமும் கழட்டினேன்டா. தினமும் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மாட்டினேன். உங்க மனசு நோகக் கூடாதுன்னு” என்று சொல்லிக்கொண்டே டார்ச்சைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். “நல்ல சாமான். என் கை தாங்கலை. உன் கார்ல வெச்சுக்கோ.”

ரப்பர் மெத்தையைப் பிடுங்கினாள். “தோள் வலிக்கும் அம்மி!” என்று ஆதில் பதறினான். “வலிக்கட்டும், தோள் என்னுது. சிம்ரா கேட்டா நானே சொல்லிக்கறேன்” என்றாள்.

தாயத்தை அவிழ்க்கும்போது அஸ்மத்துன்னிசா எழுந்தேவிட்டார். “ஏம்மா! என் தம்பி உசுருக்குக் காவலா கட்டினது அது. அதையுமா?”

“ஆப்பா, உங்க தம்பிக்குக் கட்டுங்க. இரும்புக்கு எதுக்குக் காவல்?” என்று கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். “இது கட்டின எடத்துலதான் பூட்டு இருக்கு. என் விரல் போகலை ஆப்பா. உங்க மேல சத்தியம்.” அஸ்மத்துன்னிசா உதட்டைக் கடித்துக்கொண்டு வாங்கினார். திரும்பிப் போய், வஹீதின் விழுந்துபோன வலது கையைத் தூக்கி, அதில் கட்ட ஆரம்பித்தார்.

மிச்சம் இருந்தது தோல் பட்டை. அதைத் தொட்டதும் ஜஹனாராவின் கை நின்றது. வஹீத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சுக்கும் தாயத்துக்கும் வார்த்தை கிடைத்தது, இதற்குக் கிடைக்கவில்லை. முப்பது வருஷமாக அந்த மனிதர் கொடுத்த எதையும் அவள் கழற்றியதில்லை. கண் கலங்கிப் போனால் குறி தெரியாதே என்று அழுகையை அடக்கிக்கொண்டாள். பட்டையின் வாரை இழுத்து அவிழ்த்தாள். நடந்து போய், அவர் இடது கையில் வைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க” என்றாள். “என் முகம் இதுல ஒக்கார மாட்டேங்குது.”

வஹீத் பட்டையை மடியில் போட்டுக்கொண்டார். “போ. நேரமாகுது” என்றார்.

இரண்டாவது சுற்று. காதடைப்பானை மாட்டிக்கொண்டு நின்றாள். வெறும் துப்பாக்கி. விசில் ஊதியதும் அது தூக்காமலே வந்த மாதிரி தோளுக்கு வந்தது. பிஸ்மில்லாஹ். ஒன்று, இன்னொன்று. வட்டத்துக்குள் இரண்டு. மடக்கித் திறந்து, காலி என்று காட்டினாள். தோள் தீயாக எரிந்தது. ஓரக்கண்ணில் மேஜைமேல் கிடந்த ரப்பர் மெத்தை தெரிந்தது. மாட்டிக்கொண்டால் அடி குறையும்தான். சீ, போ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது சுற்றுக்கு நின்றாள். விசில். முதல் தோட்டா நடுவில் விழுந்தது. அந்த உதையில் தோள் பின்னுக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்து, கட்டையை மறுபடி தோளுக்குள் இழுத்துப் பதித்து, ‘ஜன்னல் மேஜை எனக்கு வேணும்’ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

மணிமொழி அட்டையின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். மெதுவாகப் பார்த்தாள், பாவி. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். “வட்டத்து ஓரத்துல. ஆனா உள்ளதான். பாஸ்.”

ஆதில் கொடுத்த வாக்கை மீறவில்லை. ஓடி வந்து அம்மாவைக் கட்டிப் பிடித்தான், தோள் வலியில் அவள் அலறியதும் விட்டான். “இனிமே வீட்டைப் பத்திப் பேச மாட்டேன். சத்தியம் சத்தியம்தான்” என்றான். திரும்பும் வழியில் அஸ்மத்துன்னிசாகூட, “அந்த டார்ச் எனக்கு வேணும்டா, மாடிப்படியில வெளக்கு எரியலை” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வஹீத் மட்டும் மடியில் கிடந்த தோல் பட்டையைத் தடவிக்கொண்டே வந்தார்.

இருவரையும் அபிராமபுரத்தில் இறக்கிவிட்டு ஆதில் அத்தையைக் கொண்டுவிடப் போனான். ஜஹனாரா துப்பாக்கியைத் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள். தோளில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஜன்னல் மேஜைக்கு வந்து சாய்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அப்போதுதான் உடம்பில் இறங்கியது. வஹீத் காலை இழுத்து இழுத்து வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஜஹனா, ஆதில் வீட்டுக்கே போயிடலாமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “இப்பவா கேக்கறீங்க? தோள் வீங்கிக் கிடக்குது, பாருங்க! இதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“அன்னைக்கு எப்படிச் சொல்றது? புள்ளை முன்னாடி.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குப் பயமா இருக்கு. மணி அடிச்சா அவன்தான் திரும்பி வந்துட்டானோன்னு இருக்கு. நீ கடைக்குப் போயிட்டா, வர்ற வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்தத் துப்பாக்கியில இன்னும் ஏதாவது மாட்டு, இன்னும் ஏதாவது மாட்டுன்னு மனசு கேட்டதெல்லாம் அதனாலதான். இன்னைக்கு எல்லாத்தையும் கழட்டிக் கொடுத்துட்டே. இப்ப என்கிட்ட பயம் மட்டும்தான் இருக்கு.”

இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து பயம் என்கிற வார்த்தை அவளைக் குறித்து வந்ததுண்டு, பிள்ளைகளைக் குறித்து வந்ததுண்டு. தன்னைக் குறித்து வந்ததே இல்லை. ஜஹனாராவின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஐஸ் துணியை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“பயப்படுங்க” என்றாள். “யாரு வேணாம்னா? ஒரு வீட்டுல ஒருத்தர் பயப்படலாம், தப்பில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து பயந்தாதான் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பணும். எனக்குப் பயம் இல்ல.”

“உனக்கு வந்துட்டா?”

“வந்துட்டா நீங்க பார்த்துக்குங்க.”

“நான் என்னத்தைப் பார்க்கறது? கைதான் இல்லையே.”

“வாய் இருக்குல்ல? கல்யாணமான நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், இந்தத் தெருவே எழுந்து வர்ற மாதிரி ஒரு கத்து கத்துவீங்களே, சாப்பாட்டுல உப்பு கொறைஞ்சா. அதை வெச்சுக்குங்க போதும்.”

வஹீத் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது அழுகையாகிவிட்டது. தோள் குலுங்கக் குலுங்க, கைக்குட்டையைக்கூடத் தேடாமல் அழுதார். ஜஹனாரா தடுக்கவில்லை. அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபோனைக் கேட்டார். அவளே ஆதிலின் நம்பரைப் போட்டு, அவர் காதில் வைத்தாள்.

“ஆதில், நான்தான். நாங்க வரலைப்பா” என்றார் வஹீத். “உங்கம்மா சொல்லலை. நான் சொல்றேன்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. வஹீதின் விரல்கள் அவள் கையை இறுக்கின. ஜஹனாரா ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து கதவுக்குப் போனாள்.

“யாரு?” என்று உள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்டது வஹீத்.

“உஸ்மான் ரோடு கடையிலேருந்து வர்றேன் பாய், கல்லு பார்க்கணும்” என்றான் வெளியே நின்றவன். ஜஹனாரா கதவின் கண்ணாடித் துளை வழியாக ஆளைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தாழ்ப்பாளை விலக்கினாள்.